கேளுங்கள், சொல்கிறோம்: ஓட்டலான கியோட்டோ பள்ளிக்கூடம்

கே: ஜப்பானின் கியோட்டோவில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றை ஓட்டலாக்கிவிட்டார்களாமே, ஊர்மக்கள் சும்மாவா விட்டார்கள்?

ப: நீங்கள் கேட்பது கியோமிசு தொடக்கப்பள்ளியை. அதன் தொடக்கம் 1869. பேரரசர் தோக்கியோவுக்குப் போய்விட, கியோட்டோ களையிழந்து நின்ற ஆண்டு அது. அப்போதுதான் பேட்டைக்காரர்களே பணம் போட்டு, ஒரே ஆண்டில் 64 பள்ளிகளைத் திறந்தார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லாத வீட்டுக்கும் வரி உண்டு. கணக்கு அடுப்புக்கு இவ்வளவு என்று! நாடு முழுமைக்குமான கல்விச் சட்டம் 1872-ல்தான் வந்தது. ஊர்க்கூட்டம் நடந்ததும், தீ எங்கே பிடிக்கிறது என்று கோபுரமேறிப் பார்த்ததும் இதே பள்ளிகளில்தான்.

இப்போதிருக்கும் கான்கிரீட் கட்டடம் 1933-ல் எழுந்தது. பிள்ளைகள் குறைந்ததால் 2011-ல் பள்ளியை மூடினார்கள். 2020 மார்ச்சில் 48 அறைகளோடு 'செய்ரியு' ஓட்டல் திறந்தது. மாநகராட்சி இடத்தை விற்கவில்லை, நீண்டகாலக் குத்தகைக்குத்தான் விட்டது. பாட்டன் காசில் எழுந்த பள்ளியை விற்பதென்றால் பேட்டை கொதித்திருக்கும்.

அதே நகரில், அதே 2020-ல், ரிஸ்ஸெய் பள்ளியும் ஓட்டலானது. அங்கே நூலகம், புல்வெளி, பேட்டைச் சங்கத்துக்கான இடம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே உண்டு. எங்கள் கணக்கில் இதுதான் சரியான பேரம்.

கே: வகுப்பறையை அப்படியே தங்கும் அறையாக்கிவிடலாமா?

ப: இடத்துக்குப் பஞ்சமில்லை. ஜப்பானிய வகுப்பறையின் வழக்கமான அளவு 7 மீட்டருக்கு 9 மீட்டர். இரண்டாகத் தடுத்தாலும் ஒவ்வொன்றும் 30 சதுர மீட்டருக்கு மேல். தடுப்புச்சுவர் ஜன்னல் நடுவில் போய் முட்டாமல், இரண்டு ஜன்னலுக்கு இடைப்பட்ட தூணில் வந்து சேர வேண்டும்.

தலைவலி கழிவறை. பள்ளியில் அது தாழ்வாரக் கோடியில் மட்டும் இருக்கும்; ஓட்டலில் அறைக்கு ஒன்று வேண்டும். 100 மி.மீ. குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று சரிவு தேவை. 4 மீட்டர் ஓட்டத்துக்கு 4 செ.மீ. இறக்கம், அதோடு குழாயின் பருமன், வளைவுத் துண்டு எல்லாம் சேர்ந்தால் தரையை ஏறக்குறைய 20 செ.மீ. உயர்த்த வேண்டிவரும். வகுப்பறைக் கூரை உயரமென்பதால் இது தாங்கும். சரிவைக் குறைத்தால் நீர் முன்னே ஓடிவிடும், மலம் தங்கி அடைக்கும்.

கே: 1933-ன் கான்கிரீட்டை நம்பலாமா?

ப: பார்க்காமல் நம்பக்கூடாது. காற்றிலுள்ள கரியமிலவாயு கான்கிரீட்டின் காரத்தன்மையை மெல்ல மெல்லத் தின்னும். அது கம்பிவரை எட்டி, ஈரமும் சேர்ந்தால் துரு ஏறும். துருவேறிய கம்பி பருத்து மேல்பூச்சைப் பிளக்கும். சோதனை எளிது: சுவரில் உருளையாகத் துளையிட்டுத் துண்டெடுத்து, உடைத்த புது முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். ரோஜா நிறமானால் காரம் இருக்கிறது. நிறம் மாறாத பட்டை எத்தனை மி.மீ. என்று அளந்து, கம்பி இருக்கும் ஆழத்தோடு ஒப்பிட்டால் நிலவரம் தெரியும். அதோடு, ஜப்பானில் நிலநடுக்க விதிகள் 1981-ல் கடுமையாயின; அதற்கு முந்தைய கட்டடங்களை ஆய்ந்து, தேவைப்படும் இடத்தில் கூடுதல் சுவர் எழுப்புவார்கள். முகப்பின் வளைவு ஜன்னல்கள் கெடக்கூடாதென்றால், அந்தச் சுவர்களை உள்பக்கமாகத் தள்ளி வைப்பதுதான் வழி.