அப்டேட் நின்றுபோன ஃபோனில் வங்கிக் கணக்கை வைத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "2021 தீபாவளிக்குத் தள்ளுபடியில் வாங்கிய சாம்சங் கேலக்ஸி எம்31 வைத்திருக்கிறேன். பேட்டரி இன்றும் ஒரு நாள் முழுவதும் தாங்குகிறது. திரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நெடுநாட்களாக எந்த அப்டேட்டும் வரவில்லை. ஓய்வூதியம் வரும் கணக்கு, யுபிஐ இரண்டும் இதில்தான் இருக்கின்றன. நன்றாக ஓடும் ஃபோனை மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

ஃபோனை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் ஐயா. ஓய்வூதியக் கணக்கையும் அதற்கு ஓடிபி வரும் சிம்மையும் மட்டும் அதிலிருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அப்டேட்டுக்கான கெடு நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. எம்31 அறிமுகமானது 2020 பிப்ரவரியில். ஆண்ட்ராய்டு 10 உடன் வந்த அந்த ஃபோனுக்கு 12 வரை பதிப்பு உயர்வு கிடைத்தது. பாதுகாப்பு அப்டேட் அறிமுகத்திலிருந்து குறைந்தது நான்கு ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று சாம்சங் 2021-இல் அறிவித்தது. அப்படியானால், நீங்கள் பெட்டியைப் பிரித்த அன்றே அந்த நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கும் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதை நேர்மாறாகத் திருப்பியிருக்கிறது: அங்கே ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் கிடைக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஃபோனில் அமைப்புகளைத் திறந்து, கடைசியில் உள்ள 'அபௌட் ஃபோன்', அதற்குள் 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' என்று போங்கள். 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச் லெவல்' என்பதற்குக் கீழே ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளில் ஃபோன் தயாரிப்பாளர் மட்டுமே அடைக்கக்கூடியவை உங்கள் ஃபோனில் திறந்தே இருக்கின்றன. வேறோர் இடத்தில் 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று இன்னொரு தேதி, ஒருவேளை இதைவிடப் புதியதாக, தென்படலாம். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் இயங்குதளத்தின் சில பகுதிகளைக் கூகுள் நேரடியாகப் புதுப்பிக்க முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள், மொபைல் நெட்வொர்க்குடன் இணைக்கும் மோடம் ஆகியவற்றுக்கான திருத்தங்கள் ஃபோன் தயாரிப்பாளர் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஓட்டை பழையதுதானே, இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றலாம். நாளாக ஆக ஆபத்து கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2015 ஆகஸ்டு முதல் கூகுள் மாதந்தோறும் எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்ற பட்டியலை வெளியிடுகிறது. புதிய ஃபோன்களுக்கு அது மருந்துச் சீட்டு, அப்டேட் வராத ஃபோன்களைக் குறிவைப்பவனுக்கோ அதுவே வழிகாட்டி. 2017-இல் வெளியான புளூபோர்ன் என்ற ஓட்டையை நினைத்துப் பாருங்கள்: ஃபோனில் புளூடூத் இயங்கிக்கொண்டிருந்தால் போதும், அருகில் இருப்பவர், உரிமையாளர் எதையும் தொடாமலேயே உள்ளே நுழைய முடிந்தது. எச்சரிக்கையான மனிதராக இருப்பது இத்தகைய ஓட்டைக்கு எதிராக உதவாது.

ஆயினும் நம் ஊரில் பணம் பறிபோகும் பெரும்பாலான வழிகள் இவ்வளவு நுட்பமானவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திருமண அழைப்பிதழ், அபராதச் சீட்டு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் கோப்பு) அழுத்தி நிறுவினால், அது குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை அனுப்பிவிடும். புதிய ஃபோனிலும் இது நடக்கும். ஆனால் இங்கும் உங்கள் பதிப்பு ஒரு படி பின்தங்குகிறது. வெளியிலிருந்து நிறுவிய செயலி 'அக்சஸிபிலிட்டி' அனுமதியைப் பெற்றுவிட்டால் திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் அதனால் முடியும். அந்த அனுமதியை எளிதில் பெறவிடாத தடுப்பு ஆண்ட்ராய்டு 13-இல்தான் வந்தது. உங்களிடம் இருப்பது 12.

ஆகவே ஓய்வூதியக் கணக்கின் சிம்மை ஒரு சாதாரண பட்டன் ஃபோனில் போட்டுவிடுங்கள். ஓடிபி அங்கே வரட்டும், அதில் ஏபிகே கோப்பு நிறுவ வழியில்லை. எம்31-இல் உள்ள வங்கிச் செயலியின் பதிவையும் அந்தக் கணக்கின் யுபிஐ பதிவையும் செயலிக்குள் சென்று முறைப்படி நீக்கிவிட்டு, அதன் பிறகு செயலியை அழியுங்கள். காய்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் யுபிஐ தேவையென்றால், வேறொரு எண்ணோடு இணைந்த தனிக் கணக்கில் மாதச் செலவுக்கான சிறு தொகையை மட்டும் போட்டு இந்த ஃபோனில் பயன்படுத்தலாம். புளூடூத்தைத் தேவைக்கு மட்டும் இயக்குங்கள். அமைப்புகளில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் எதிரே உள்ள பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த பிள்ளைகள் யாராவது லினியேஜ் ஓஎஸ் (தன்னார்வலர்கள் உருவாக்கும் மாற்று ஆண்ட்ராய்டு) போட்டுத் தருகிறேன் என்றால், வங்கிச் செயலிகள் பலவும் அத்தகைய ஃபோனில் ஓட மறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் பழைய ஐஃபோன் இருந்தால் அதற்கும் முடிவு உண்டு, சற்றுத் தாமதமாக வரும். 2013-இல் வந்த ஐஃபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் கிடைத்தது. ஆனால் முந்தைய பதிப்புகளில் எல்லா ஓட்டைகளும் அடைக்கப்படுவதில்லை என்று ஆப்பிளே கூறுகிறது.

புதிதாக வாங்கும் நாள் வரும்போது கடைக்காரரிடம் கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன், மாடல் எந்த ஆண்டு வந்தது, எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்ற இரண்டையும் கேளுங்கள். கூகுள் பிக்ஸல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டுகள். அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை, 2024-இல் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கே ஆறு ஆண்டுகள் உண்டு. அந்த ஆறும் 2024-இலிருந்து எண்ணப்படும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அதன் பிறகு எம்31-ஐ எறிய வேண்டாம். படங்களை வேறிடத்தில் சேமித்து, கூகுள் கணக்கை நீக்கி, 'ஃபேக்டரி ரீசெட்' செய்து, சிம் இல்லாமல் வைஃபையில் விட்டால், பாட்டு கேட்கவும் பேரப்பிள்ளைகளுக்குப் பாடக் காணொளி காட்டவும் அந்த 6,000 எம்ஏஎச் பேட்டரி இன்னும் பல காலம் உழைக்கும்.