அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அம்மா நம்புவது தவறா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

காசிக்குப் போய்வருவதாகச் சொல்லிப் புறப்பட்ட என் தந்தை திரும்பவே இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், நேரில் போயும் தேடினோம், ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அவர் ஏதோ ஓர் ஆசிரமத்தில் இருக்கிறார் என்று அம்மா உறுதியாக நம்புகிறார். ஜாதகத்தைப் பார்த்து ஒரு ஜோதிடர் அப்படிச் சொன்னதும், கனவில் அப்பா வருவதும்தான் அவருக்குச் சான்று. பரிகாரம், ஹோமம் என்று தங்கைக்கு வைத்திருந்த நகைகள் அடகுக்குப் போகின்றன. வீடு அப்பாவின் பெயரில் இருப்பதால், திருமணச் செலவுக்கு அதன்பேரில் கடன் வாங்க நீதிமன்றம் மூலம் இறப்புச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே, "உயிரோட இருக்கிற மனுஷனுக்குக் கருமாதி பண்ணச் சொல்றியா?" என்று அழுகிறார். போதிய சான்றின்றி எதையும் நம்புவது எவருக்கும் எப்போதும் தவறு என்று வில்லியம் கிளிஃபர்ட் எழுதியதைப் படித்தேன். அம்மா செய்வது அறியாமை மட்டுமல்ல, குற்றமும்கூட என்று எனக்குத் தோன்றுவது சரியா?

– ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள சகோதரருக்கு,

கணித அறிஞரான கிளிஃபர்ட் 1877இல் எழுதிய அந்தக் கட்டுரையில் ஒரு கப்பல் உரிமையாளர் வருகிறார். கப்பல் பழையது என்ற ஐயம் எழுந்தும், பழுதுபார்க்கும் செலவுக்கு அஞ்சி, ஒன்றும் ஆகாது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, குடிபெயரும் குடும்பங்களை அதில் ஏற்றி அனுப்புகிறார், கப்பல் மூழ்குகிறது. அது பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபர்ட். சோதித்துப் பார்க்க வழி இருந்தும் ஐயத்தை அடக்கிக்கொண்டதுதான் அவருடைய பிழை. உங்கள் அம்மா எந்தச் சோதனையைத் தவிர்த்தார்? தேட வேண்டிய இடங்களில் தேடியாயிற்று. அப்பா இறந்துவிட்டார் என்ற உங்கள் முடிவுக்கும் கண்ணால் கண்ட சான்று இல்லையே!

சான்றால் தீர்க்க முடியாததும் தள்ளிப்போட இயலாததுமான கேள்விகளில் மனம் ஒரு பக்கம் சாய்வதற்கு உரிமை உண்டு என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் கிளிஃபர்டுக்கு மறுப்புரைத்தார். அம்மாவின் காத்திருப்பை அந்தக் கணக்கில் சேர்ப்பேன். ஜோதிடருக்குப் போகும் பணத்தைச் சேர்க்க மாட்டேன். அங்கே விலை கொடுப்பவர் உங்கள் தங்கை என்பதால், கிளிஃபர்டின் கண்டிப்பு அந்த இடத்தில் முழுக்கப் பொருந்தும். நகை அடகை நிறுத்தும்படி நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்கக் குடும்ப ஆய்வாளர் பாலின் பாஸ், உடலும் சடங்கும் இல்லாத இத்தகைய இழப்பில் துக்கம் நகர வழியின்றி உறைந்துவிடுகிறது என்று கண்டார். அதை நோய் என்று அவர் கருதவில்லை. "அவர் போய்விட்டார், ஒப்புக்கொள்" என்று நெருக்கினால் எதிர்ப்புதான் வலுக்கும். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற இரண்டையும் சேர்த்துத் தாங்கப் பழகுவதே அவர் காட்டிய வழி.

சட்டமும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்து, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடரும் விதி இது: ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எதுவும் வரவில்லையென்றால், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். இது அனுமானம் மட்டுமே. அவர் திரும்பி வந்தால் கலைந்துவிடும். ஆகவே அம்மாவிடம், "அப்பா இல்லைன்னு நீ சொல்ல வேணாம்மா, ஏழு வருஷமா சேதி வரலைன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உண்மையென்று அறிந்ததைத்தான் சொல்லப்போகிறார். தாலியைக் கழற்றவோ கருமாதி செய்யவோ எந்த நீதிமன்றமும் கேட்காது.

இதை நீங்கள் தனியாகச் சொல்வதைவிட, அம்மா மதிக்கும் தாய்மாமாவையோ மூத்த உறவினர் ஒருவரையோ உடன் வைத்துக்கொண்டு சொல்வது நல்லது. அவருக்குத் தூக்கமும் உணவும் தொடர்ந்து குறைந்துவந்தால் மட்டும், வழக்கு வேலைகளை ஒத்திவைத்து, முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.