பத்து வயதுப் பிள்ளையைப் பழைய சிறைச்சாலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகளின் வகுப்பை 'கிளிங்க்' சிறை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். சித்திரவதைக் கருவிகளெல்லாம் இருக்குமாமே, பத்து வயதில் அதைப் பார்க்கலாமா?

தாராளமாக அனுப்புங்கள். இங்கே வகுப்பு உதவி ஆசிரியையாக இருப்பதால் பிள்ளைகளோடு அங்கே போயிருக்கிறேன். படியிறங்கிப் போகும் நெருக்கமான இடம், மங்கிய வெளிச்சம், மெழுகு பொம்மைகள். சில பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள்தான். ஆனால் அவர்களை உண்மையில் உலுக்குவது அந்தக் கருவிகள் அல்ல, காசுக் கணக்கு.

12ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் பிஷப்பின் அரண்மனையை ஒட்டித் தொடங்கிய சிறை இது. காவலர்கள் கைதிகளிடம் வசூலித்தே பிழைத்தார்கள். சாப்பாடு, படுக்கை, மெழுகுவத்தி எல்லாமே விலைக்கு. கனத்த விலங்கை மாற்றி லேசானதைப் பூட்டவும் காசு. கையில் இல்லாதவர்கள் தெருப்பக்கக் கம்பி வழியாகக் கை நீட்டிப் பிச்சை கேட்டார்கள். கடனை அடைக்க முடியாமல் உள்ளே வந்தவருக்கும் இதே கதிதான். "அப்போ அவர் எப்படி மிஸ் வெளியே வருவார்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். அந்தக் கோபத்துக்காகவே இந்தப் பயணம் எனக்குப் பிடிக்கும். கருவிகள் முன்னால் நேரத்தைக் கரைக்காமல் இதைப் பேசச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மகளிடம் சொல்லிவிடுங்கள். 1780இல் கத்தோலிக்கர்களுக்கு எதிராக லண்டனில் வெடித்த கார்டன் கலவரத்தின்போது கலகக்காரர்கள் கைதிகளை விடுவித்து அந்தச் சிறையைக் கொளுத்தினார்கள், மறுபடி கட்டவேயில்லை. இப்போது இருப்பது அதே இடத்தில் பின்னாளில் அமைத்த காட்சி. பழைய கல்லையே பார்க்க வேண்டுமென்றால் அதே தெருவில் அரண்மனைச் சுவர் நிற்கிறது, உச்சியில் வட்ட வடிவ ரோஜா ஜன்னலோடு. கட்டணம் கிடையாது.

அப்புறம், விடுமுறையில் நீங்களே லண்டன் கோபுரத்துக்கும் கூட்டிப் போங்கள், அதுவும் ஒரு காலத்தில் சிறையாக இருந்த பழைய கோட்டைதான். அங்குள்ள கோபுரங்களில் ஒன்றான சால்ட் டவரின் சுவரில் 1561இல் ஹியூ டிரேப்பர் என்ற கைதி செதுக்கிய ராசிச் சக்கரம் இருக்கிறது. சூனியம் வைத்தார் என்று பிடித்து அடைத்த மனிதர் அவர்.

மகளுக்கு இருட்டும் நெரிசலும் ஆகாது என்றால், தயங்காமல் பள்ளியில் முன்பே சொல்லி வையுங்கள். உள்ளே வர விரும்பாத பிள்ளையோடு நாங்கள் ஒருவர் மேலேயே இருந்துவிடுவோம். பெரும்பாலான பள்ளிகள் இதற்குச் சம்மதிக்கும்.