இதய ஆபரேஷன் செய்தவர் தாயாகலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. நான்கு வயதில் ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் செய்தார்கள். இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தை பெறலாமா? சிசேரியன்தான் ஆகுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் பெறலாம். ஆனால் ‘தொந்தரவு இல்லை’ என்பதை மட்டும் நம்பிக் கருத்தரிக்காதீர்கள். இந்த ஆபரேஷனில் நுரையீரலுக்குப் போகும் அடைபட்ட பாதையை அகலப்படுத்துவார்கள். அதனால் அங்குள்ள வால்வு பலருக்கும் பின்னாளில் கசியும். இதயத்தின் வலது கீழறை மெல்ல விரியும். உடம்பு இதைப் பல வருடம் வெளிக்காட்டாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும்போதுதான் மூச்சிரைப்பாகவோ படபடப்பாகவோ தெரியவரும்.

ஆகவே முதலிலேயே எக்கோ (இதய ஸ்கேன்), ஈ.சி.ஜி., டிரெட்மில், தேவையானால் இதய எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள். பழைய ஆபரேஷன் குறிப்பு கிடைத்தால் கொண்டுபோங்கள். வால்வு மாற்ற வேண்டுமென்றால், அதை முடித்துவிட்டுக் கருத்தரிப்பதே பாதுகாப்பு. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் எனாலாப்ரில், லோசார்டான் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவை கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள்.

இந்தக் கோளாறுள்ள சிலருக்கு 22ஆவது குரோமோசோமில் சிறு துண்டு இருக்காது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அந்தக் குறை உங்களுக்கு இருந்தால் குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் இதயக் கோளாறு வரும் வாய்ப்பு சில சதவீதமே. எப்படியானாலும் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவுக்கு எக்கோ பார்க்க வேண்டும்.

இதயத்துக்காக மட்டும் சிசேரியன் பெரும்பாலும் தேவைப்படாது. எபிடியூரல் என்ற முதுகு ஊசி போட்டு வலியைக் குறைத்து, அதிகம் முக்கவிடாமல் வாக்குவம் என்ற உறிஞ்சு கருவி வைத்துக் குழந்தையை எடுப்பார்கள். பிறந்ததும் கருப்பை சுருங்கி, ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்பும். அதனால் அடுத்த 2, 3 நாளும் கண்காணிப்பு வேண்டும். படுத்தால் மூச்சுத் திணறல், இரவு இருமல், மயக்கம் வந்தால், ‘மாசமாயிருந்தா அப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு இதயத்தில் ஓட்டை, மூடவில்லை. உதடு நீலமாகிறது. ‘ஐசன்மெங்கர்’, கர்ப்பமே கூடாது என்கிறார்கள். ஓட்டையை மூடிவிட்டுப் பெறலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: மூட முடியாது. ஓட்டை வழியாகப் பல வருடம் ரத்தம் அதிகமாகப் பாய்ந்து, நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் மிக ஏறி, ரத்தம் திசை மாறிப் பாயும் நிலைதான் ஐசன்மெங்கர். நுரையீரல் அழுத்தம் அவ்வளவு ஏறிய பிறகு, அந்த ஓட்டைதான் வலது இதயத்துக்கு வடிகால். கர்ப்பத்தில் உடலின் ரத்தக்குழாய்கள் தளர்வதால், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இன்னும் அதிகமாக உடலுக்குள் பாயும். தாயின் உயிருக்கே பேராபத்து. மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் கூடாது, ரத்தம் உறையும். புரோஜெஸ்ட்ரோன் மட்டுமுள்ள, கையின் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட் என்ற கருத்தடைக் குச்சி பற்றிக் கேளுங்கள். நாள் தள்ளிப்போனால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.