எட்டு நிமிடம் வேண்டாம், இரண்டு போதும்: அனிமேஷன் மாணவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

கடைசி வருட புராஜெக்ட்டுக்கு அனிமேஷன் குறும்படம் எடுக்கும் நம் நீலகிரிப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் குன்னூர்க்காரி என்பதால் சில இடங்களில் உரிமையோடு திட்டியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, எட்டு நிமிடத்துக்குக் கதை ரெடி. 2டி, நான் ஒருத்தன்தான். நாலு மாதத்தில் முடியுமா? (கோத்தகிரி)

முடியாது தம்பி. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 நிலைப்படம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வரைய வேண்டும். எட்டு நிமிடத்துக்கு 5,760. ஞாயிறு, பொங்கல், காய்ச்சல் எதுவும் பார்க்காமல் உட்கார்ந்தாலும் நாளுக்கு 48 படம். ரஃப் (முதல் கிறுக்கல்), கிளீனப் (கோட்டைச் சுத்தமாக வரைவது), கலர் எல்லாம் சேர்த்து! இரண்டு நிமிடமாக்கினால் 1,440. உன் கதையைப் படித்தேன். பாட்டி கொழுந்து பறிக்கும் முதல் மூன்று நிமிடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாளே, படம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்டோரிபோர்டு போட்டாச்சு. அனிமேட்டிக் கட்டாயமா?

கட்டாயம். ஸ்டோரிபோர்டு என்பது காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது, அதையே நேரத்தோடு ஓடவிட்டால் அனிமேட்டிக். போர்டை போனில் படம் பிடித்து, நேரக் கணக்குப்படி வரிசையாக அடுக்கி, உன் குரலிலேயே வசனம் பேசிச் சேர். வீட்டில் அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டு. அவர் அடுப்பைத் திரும்பிப் பார்க்கிற இடத்தில் வெட்டு.

மலை ரயில் மூச்சு வாங்க ஏறுவது மாதிரி செய்திருக்கேன். ஏனோ கனமே வரவில்லை. (குன்னூர்)

உன் டெஸ்டைப் பார்த்தேன். இன்ஜினை முன்னால் போட்டிருக்கிறாய். குன்னூரில் பிறந்துவிட்டு இப்படிச் செய்யலாமா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது நீராவி இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். கனம் வராததற்குக் காரணமும் இதுதான். இழுக்கிற வண்டியில் அசைவு முன்னாலிருந்து பின்னால் போகும். தள்ளுகிற வண்டியில் கடைசிப் பெட்டி முதலில் குலுங்கும், அப்புறம்தான் முன்பெட்டி. நடுவில் இரண்டு மூன்று ஃபிரேம் தாமதம் விடு, போதும். பெட்டிக்குப் பெட்டி முன்பக்கம் கொடியோடு பிரேக்மேன் நிற்பாரே, அவரை விட்டுவிட்டாய். என்னைக் கேட்டால் படத்தின் நாயகனே அவர்தான். ஒருநாள் ஸ்டேஷனுக்குப் போய் போனில் எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்.

ஊட்டியில் என் அறை ஜன்னலோரம் களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாகப் பிடித்து ஸ்டாப் மோஷன் எடுக்கிறேன். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் மினுங்குகிறது.

வேறென்ன, மேகம்தான். ஜன்னலைக் கம்பளியால் மூடிவிட்டு இரண்டு விளக்கு வை. கேமராவில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்), ஃபோகஸ் மூன்றும் தானாக மாறாதபடி பூட்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதற்கேற்ப மினுங்கும் என்பதால் ஷட்டர் 1/50 விநாடிக்கு மேல் வேகமாகப் போக வேண்டாம். வெள்ளைச் சட்டையும் போடாதே, அதன் ஒளி பொம்மை மேல் விழும். குளிரில் களிமண் இறுகினால் டீ டம்ளர் பக்கத்தில் கொஞ்ச நேரம் வை. (டீக்குள் விழுந்த கதை என்னிடம் உண்டு.)

4 ஜிபி ராம் லேப்டாப். சாஃப்ட்வேர் வாங்கக் காசில்லை.

கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றுமே இலவசம். 2025இல் ஆஸ்கார் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்ததுதான். ஆனால் உன் மெஷினுக்கு பிளெண்டர் பாரம். கிரிட்டாவில் ஒரு ஷாட்டுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து வரை. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று உனக்கே தெரியும், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சேவ் பண்ணு.

பின்னணிக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டு போடலாமா அக்கா? (மஞ்சூர்)

வேண்டாம். விழாவுக்கு அனுப்பும்போது பாட்டின் உரிமை யாரிடம் என்று கேட்பார்கள். தகரக் கூரையில் மழை, தேயிலை ஃபேக்டரி இரைச்சல் எல்லாம் உன் வீட்டைச் சுற்றியே இருக்கிறது. விடியற்காலையில் ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவி விசில் அடிக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, முதல் பஸ் ஹார்ன் அடிப்பதற்குள் எடுத்துவிடு.