கோட் எழுதற எடிட்டர் விஎஸ் கோட்ல இருந்து காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டினா இடது பக்க இடைவெளியும் பின்னாடி இருக்கற கறுப்பு கலரும் கூடவே வருது, இதுக்கு ப்ளகின் இருக்கா?

கறுப்பு கலர் போறதுக்கு ப்ளகினே வேண்டாங்க. கன்ட்ரோலும் கமாவும் சேத்து அமுக்கி செட்டிங்ஸ் திறந்து, காப்பி வித் சின்டாக்ஸ் ஹைலைட்டிங்னு தேடி அந்த டிக்கை எடுத்து விடுங்க, மெயில்ல ஒட்டினாலும் வெறும் எழுத்து மட்டும்தான் வரும்.

இடைவெளிக்குத்தான் நான் சொந்தமா ஒரு குட்டி ப்ளகின் எழுதி வச்சிருக்கேன், நாப்பது வரி கூட வராது. செலக்ட் பண்ணின வரிகள்ல எதுக்கு முன்னாடி ஸ்பேஸ் கம்மியா இருக்குன்னு பாத்து, அந்த அளவை எல்லா வரியிலயும் வெட்டிட்டு கிளிப்போர்டுல போடும், அவ்ளோதான். எட்டு ஸ்பேஸ் தள்ளி நிக்கற ஃபங்ஷன் ஓரத்துக்கு வந்துரும், அதுக்குள்ள இருக்கற இஃப் நாலு ஸ்பேஸோட அப்படியே நிக்கும். கேக்க ஈஸிதான், ஆனா எழுதறப்ப ரெண்டு இடத்துல மாட்டிக்கிட்டேன். நடுவுல காலி வரி வந்தா அதுல ஸ்பேஸ் சைபர், அப்ப கம்மி சைபர்னு எடுத்துக்கிட்டு எதையுமே வெட்டாது. அடுத்தது மவுசு, நாம என்ன வரியோட ஓரத்துல இருந்தா இழுக்கறோம், முதல் எழுத்துல இருந்துதான இழுக்கறோம், அப்ப முதல் வரிக்கும் சைபர்! அதனால காலி வரியை கணக்குல சேக்கறதில்ல, செலக்‌ஷனுக்கு முன்னாடி வெறும் ஸ்பேஸ்தான் இருக்குன்னா அதையும் சேத்து எண்ண வச்சேன்.

இதோட நிறுத்தியிருக்கணும். சாட்ல இருந்து எடுக்கற கோட்ல கண்ணுக்கு தெரியாத எழுத்து ஒளிஞ்சுக்கிட்டு எர்ரர் அடிக்குமே, ஓரத்து ஸ்பேஸை வெட்டற ஜாவாஸ்கிரிப்ட் ட்ரிம் போட்டாலும் 200பி-ங்கற அகலமே இல்லாத ஜீரோ விட்த் ஸ்பேஸ் போகாது, சரி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கற யூனிகோட்ல 200பி-ல இருந்து 200டி வரைக்கும் மொத்தமா தூக்கிருவோம்னு ஒரு வரி சேத்தேன். நாங்க இருக்கறது பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்டுல தமிழ்தான், ஆனா இங்க ஒரு வெப்சைட் பண்ணினா மலையாளமும் போட்டே ஆகணும். ஒரு கல்யாண மண்டபத்து புக்கிங் ஃபாரம், மலையாள பக்கத்தை இந்த ப்ளகின் வழியாவே காப்பி பண்ணி ஏத்திட்டேன். மறுநாள் காலைல சித்தூர் ஃபிரெண்டு ஃபோன்ல சிரிக்கறான், "எடா, வரன் எவிட போயி? வரனுன்னாணு கிடக்குன்னது!" மாப்பிள்ளைன்னு இருக்க வேண்டிய இடத்துல மாப்பிள்ளைக்குன்னு நிக்குது.

விஷயம் என்னன்னா மலையாளத்துல ன், ர், ல், ள் மாதிரி தனியா நிக்கற மெய்யை சில்லுன்னு சொல்லுவாங்க. 2008-ல வந்த யூனிகோட் 5.1-லதான் அதுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்தாங்க, அதுக்கு முன்னாடி எழுத்து, நம்ம புள்ளி மாதிரி சந்திரக்கலை, பின்னாடி கண்ணுக்கு தெரியாத ஒரு 200டி-ன்னுதான் டைப் பண்ணுவாங்க, பழைய ஃபைல்ல இன்னும் அப்படியேதான் கிடக்கு. அந்த 200டி-யத்தான் என் ப்ளகின் குப்பைன்னு கூட்டித் தள்ளிருச்சு, அது போனா கடைசி ன் வெறும் சந்திரக்கலையோட நின்னு னு-ன்னு ஆயிரும், வரன் வரனு ஆனது அப்படித்தான். நம்ம தமிழும் தப்பிக்கல, ரிக்‌ஷால க்-கும் ஷா-வும் ஒட்டிக்காம பிரிஞ்சு நிக்கறதுக்கு நடுவுல போடற 200சி-யும் போயிருச்சு.

இப்ப 200பி மட்டும்தான் தூக்குது. கன்ட்ரோல் சி-ய நான் தொடவே இல்லீங்க, இதுக்கு தனியா கன்ட்ரோல் ஆல்ட் சி வச்சிருக்கேன், ஏன்னா பைத்தான் ஃபைலுக்குள்ளயே ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்தறப்ப அந்த இடைவெளி வேணும்.