பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயினின் 'ஹாட் ஸ்பேஸ்' அவ்வளவு மோசமான ஆல்பமா?

மோசம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மேடு பள்ளம் நிறைய. 1980-ல் அவர்களுடைய 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' பாட்டு பெரிய வெற்றி பெற்றதும், அந்த நடனத் தாளத்தை நம்பியே 1982-ல் இந்த ஆல்பத்தின் இசைத்தட்டில் முதல் பக்கத்தை அமைத்தார்கள். ராக் ரசிகர்கள் முகம் சுளித்தது அதனால்தான்.

எனக்குக் குறை நடன இசை அல்ல, உயிரில்லாத ஒலி. 'ஸ்டேயிங் பவர்' பாட்டையே எடுங்கள். ஆல்பத்தில் சிந்தசைசர் பாஸும் ஊதுகருவிகளும்தான் முன்னால் நிற்கின்றன. குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மேயின் கிடாரைத் தேட வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகர மேடையில் அதே பாட்டைக் கிடாரோடு வாசித்தபோது அனல் பறந்தது! பாட்டில் பழுதில்லை, பதிவில்தான். அதே பக்கத்தில் வரும் 'பாடி லாங்குவேஜ்' மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை.

இரண்டாம் பக்கம் பரவாயில்லை. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்காக, குயினின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி எழுதிய 'லைஃப் இஸ் ரியல்' மனதைப் பிசையும். அப்புறம் கடைசியில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியுடன் சேர்ந்து பாடிய 'அண்டர் பிரஷர்'. அந்தச் சின்ன பாஸ் மெட்டும் விரல் சொடுக்கும் தொடங்கும்போதே உடம்பு சிலிர்க்கும். முதல் தடவை கேட்கிறீர்களா? இரண்டாம் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.